குத்திப் பார்க்காத மூட்டை

தானிய மண்டிக்காரர் மாகாண சபை உறுப்பினராகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. புதிய சட்டத்துக்குக் கை தூக்கச் சொல்லிக் கட்சிக் கொறடா அவர் காதருகே குனிந்தார்.

"உள்ள என்ன எழுதியிருக்குன்னு யாருமே படிக்கலையே, ஐயா?"

"அதெல்லாம் தலைவர் பாத்துக்குவாரு, மண்டிக்காரரே. நீங்க கையைத் தூக்குங்க, போதும்."

"எங்கப்பா காலத்துலேருந்து மூட்டையைக் குத்திப் பாக்காம நாங்க விலை பேசுனதில்லை."

"இது சட்டமய்யா, மூட்டையில்லை!"

"அப்போ இன்னும் ஆழமாக் குத்திப் பாக்கணும்."

கொறடாவின் முகம் சிவந்தது. "அடுத்த தேர்தல்ல சீட்டு கிடையாது, தெரியுமில்ல?"

"பதவி போனா மண்டி இருக்கு. எங்க குடும்பத்துப் பேரு போனா மண்டிக்கு எவன் வருவான்?"

ஆதரவுக் கைகள் உயர்ந்து இறங்கின. எதிர்ப்பவர்கள் உண்டா என்று சபாநாயகர் பேருக்குக் கேட்டுவைத்தார். ஆளுங்கட்சி வரிசையில் மண்டிக்காரரின் கை மட்டும் உயர்ந்து நின்றது.