சூடான ஸ்கூட்டர்

பிராங்க்ளினுக்கு வீட்டில் கோபம் வராது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவனைப் பற்றித் தப்பான எண்ணம் வந்துவிடும். குழம்பில் உப்பு கூடினால் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துவிடுவான். நெய்வேலி மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகப் பதினோரு வருட சர்வீஸ். ஃபோர்மேன் கத்தினால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தால்தான் வேறு ஆளாகிவிடுவான். பின்னால் ஹாரன் அடித்தவன், முன்னால் மெதுவாகப் போனவன், கை காட்டாமல் திரும்பியவன், கை காட்டிவிட்டுத் திரும்பாமல் போனவன் எல்லோரும் அவனுக்கு ஜென்ம விரோதிகள். கல்யாணமான நான்கு வருடத்தில் அவன் மனைவி ரெஜினா பின் சீட்டில் உட்கார்ந்து கேட்ட கெட்ட வார்த்தைகளை அவள் பிறந்த குள்ளஞ்சாவடி சந்தையில்கூடக் கேட்டதில்லை. அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் சட்டையைப் பிடித்து இழுப்பாள். அதற்கு எந்தப் பலனும் இருந்ததில்லை.

அது தொண்ணூற்றெட்டாம் வருடம், ஆகஸ்ட் மாதத்து ஒரு புதன்கிழமை. பிராங்க்ளினுக்கு வார ஓய்வு. ரெஜினாவின் ரவிக்கை ஒன்று டெய்லரிடம் ஒரு மாதமாகக் கிடந்தது, அதை வாங்கி வரலாம் என்று இருவரும் கிளம்பினார்கள். மணி இரண்டைத் தாண்டியிருந்தது. டவுன்ஷிப்பில் இருப்பவன் செய்யக்கூடாத காரியம் அது. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் விட்ட நேரத்தில் ரோட்டில் ஸ்கூட்டர்களைத் தவிர வேறு எதுவும் இருக்காது. அத்தனை பேருக்கும் பசி. காலை ஆறு மணியிலிருந்து வேலை பார்த்தவர்கள், வீட்டில் சோறு காத்திருக்கிறது, எவன் எவனுக்கு வழி விடுவான்?

ரவுண்டானாவில் ஒரு சாம்பல் நிற ஸ்கூட்டர் இடது பக்கத்திலிருந்து திடீரென்று குறுக்கே பாய்ந்து போயிற்று. ஓட்டியவன் தலையில் மைன்ஸ் ஹெல்மெட், முன்னால் கொக்கியில் சாப்பாட்டுப் பை. பிராங்க்ளின் பிரேக்கை மிதித்தான். சக்கரம் மணலில் வழுக்க, வண்டி சாய்ந்தது. அவன் காலை ஊன்றித் தப்பித்துக்கொண்டான். ரெஜினா தார் ரோட்டில் விழுந்து முழங்கை தேய நாலடி இழுபட்டாள். குறுக்கே பாய்ந்தவன் திரும்பியே பார்க்கவில்லை.

பிராங்க்ளின் வண்டியை நிமிர்த்தினான். "எந்தப் பக்கம் போனான்? எந்தப் பக்கம்?" என்று கத்தினான். இளநீர் விற்கிறவர் ஒருவர் அரிவாளாலேயே திசையைக் காட்டினார். ரெஜினா கீழே உட்கார்ந்தபடி, "இருங்க, நா..." என்றாள். அதற்குள் அவன் கிக்கரை உதைத்துக் கிளம்பிவிட்டான்.

அவன் நுழைந்த பிளாக்கில் எல்லாத் தெருவும் ஒரே தெருதான். அதே மஞ்சள் சுவர், அதே இரும்பு கேட்டு, அதே முருங்கை மரம். குவார்ட்டர்ஸ்களைக் கட்டியவர்கள் இப்படி ஒருவன் கண் சிவக்க ஓடி வருவான் என்று நினைத்துக் கட்டியிருக்கமாட்டார்கள். இரண்டு தெரு சுற்றினான். மூன்றாவது தெருவில் ஒரு கேட்டுக்கு வெளியே சாம்பல் நிற ஸ்கூட்டர் நின்றது. கொக்கியில் சாப்பாட்டுப் பை. பிராங்க்ளின் இறங்கி இன்ஜின் மூடியின் மேல் கையை வைத்தான். கொதித்தது. பதினோரு வருடம் இயந்திரத்தோடு பழகியவன், இன்ஜின் சூடு பொய் சொல்லாது என்று அவனுக்குத் தெரியும்.

அவன் மட்டும் ஒரு நிமிடம் யோசித்திருந்தால்! ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் விட்டு வந்த அந்தப் பத்து நிமிடத்தில் அந்தத் தெருவில் நின்ற எல்லா ஸ்கூட்டரும் சூடாகத்தான் இருந்தது. அவன் ஷிஃப்டில் இருக்கும் நாளில் அவன் ஸ்கூட்டரும் அந்த நேரத்தில் அப்படித்தான் இருக்கும். சாம்பல் நிறத்தில் மட்டும் அங்கே நாலைந்து வண்டிகள். ஆனால் அன்றைக்கு அவன் லீவில் இருந்தான், மூளையும் லீவில் இருந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றி ஹெட்லைட்டில் ஓங்கி அடித்தான். கண்ணாடி சிதறிய சத்தத்தில் பனியனும் லுங்கியுமாக ஒரு ஆள் வெளியே வந்தான். கையில் சோற்றுப் பருக்கை. என்ன ஏது என்று கேட்பதற்குள் அவன் கன்னத்தில் பளாரென்று அறை விழுந்தது.

தெருவில் ஒவ்வொரு கேட்டாகத் திறந்தது.

அறை வாங்கியவன் பெயர் தங்கராசு. அவன் திருப்பி அடிக்கவில்லை. கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "எதுக்குங்க அடிச்சீங்க?" என்று கேட்டான்.

"ரவுண்டானாவுல என் பொண்டாட்டிய கீழ தள்ளிட்டு வந்து சோறா தின்ற?"

"எந்த ரவுண்டானாங்க? நா தெர்மல் பவர் ஸ்டேஷன்லேருந்து வரேன். அந்தப் பக்கமே வரலியே."

எதிர் வீட்டு நெடுமாறன் இறங்கி வந்தான். "சார், நாங்க ரெண்டு பேரும் தெர்மல் கேட்டுலேருந்து ஒண்ணா பேசிக்கினே வந்தோம். நீங்க யாரையோ பாத்துட்டு யாரையோ அடிக்கிறீங்க."

பிராங்க்ளினுக்குக் கை மட்டும் சூடாக இருந்தது, மற்ற உடம்பு முழுக்கச் சில்லிட்டுப் போயிற்று. "ஹெட்லைட்ட மாத்திக் குடுத்துடறேன்" என்று முணுமுணுத்தான். கேட்டைப் பிடித்தபடி நின்ற தங்கராசுவின் மனைவி தனம் அவனையே பார்த்தாள். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். ரவுண்டானாவில் ரெஜினா இல்லை. யாரோ ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்களாம்.

அவள் சாயங்காலம் கையில் கட்டோடு வந்தாள். நாலு தையல். அவன் நடந்ததையெல்லாம் ஒப்பித்தான். மறுநாள் காலை பையில் துணியை எடுத்து வைத்துக்கொண்டு குள்ளஞ்சாவடிக்கு, அம்மா சகாயம்மாள் வீட்டுக்குக் கிளம்பினாள்.

"அந்த ஆளுகிட்ட மன்னிப்பு கேளுங்க. அத நானும் வந்து பாக்கணும். அப்பறம் இந்த வூட்டுக்கு வரதா வேணாமான்னு சொல்றேன்."

தெரியாத ஒருத்தனை அறைந்ததற்கு இவளுக்கு இவ்வளவு கோபமா என்று பிராங்க்ளினுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அன்றைக்கே யூனியன்காரர் ராயப்பனைக் கூட்டிக்கொண்டு தங்கராசு வீட்டுக்குப் போனான். தங்கராசு உட்காரச் சொன்னான், தண்ணீர் கொடுத்தான். பிராங்க்ளின் மன்னிப்பு கேட்க வாயைத் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்தினான்.

"வூட்டுக்குள்ள வாணாங்க. நீங்க தெருவுல அடிச்சீங்க. அதே எடத்துல, அதே நேரத்துல, அன்னிக்கி யார் யார் பாத்தாங்களோ அவங்க முன்னால கேளுங்க. போலீஸ் ஸ்டேஷனுக்குக் கம்ப்ளைண்ட் எழுதி வச்சிருக்கேன். நீங்க கேட்டதும் கிழிச்சிடறேன்."

"கொஞ்சம் எறங்கி வாப்பா, தங்கராசு" என்றார் ராயப்பன்.

"முத்தாண்டிக்குப்பத்துல எங்கப்பா ஊரான் நெலத்துல அடி வாங்கனாரு. எதுக்குன்னு கேக்க முடியல, கேட்டா இன்னொண்ணு விழும். நா ஒம்போது வருஷம் கான்ட்ராக்ட்ல கெடந்து இப்பத்தாங்க பர்மனென்ட் ஆனேன். இந்த வூட்டுக்கு வந்து ஒரு மாசம். தெருவுல ஒருத்தருக்கும் என்னப் பத்தி எதுவும் தெரியாது, அடி வாங்கனவன்னுதான் தெரியும். அத மாத்திக் குடுத்துட்டுப் போங்க."

"கேட்டுடறேங்க" என்றான் பிராங்க்ளின்.

சரி என்று ஒப்புக்கொண்டு வந்த பிறகுதான் அடுத்த சிக்கல். அடுத்த வாரம் தெருவில் அன்று பார்த்தவர்களுக்கெல்லாம் செகண்ட் ஷிஃப்ட், அதற்கடுத்த வாரம் நைட். அதே ஆட்கள் அதே இரண்டு மணிக்கு வீட்டு வாசலில் நிற்க வேண்டுமானால் ஷிஃப்ட் சுற்றி வர வேண்டும். மூன்று வாரம். ஒரு சாரி சொல்வதற்கு நெய்வேலியைத் தவிர வேறு எந்த ஊரிலும் இவ்வளவு காத்திருக்க வேண்டியிருக்காது.

அந்த மூன்று வாரமும் பிராங்க்ளின் கேண்டீனில் சாப்பிட்டான். ரோட்டில் யார் என்ன செய்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு போனான். ஒருநாள் ஒரு மொபெட்காரன் அவன் கால் மேலேயே ஏற்றிவிட்டு முறைத்தான். அதற்கும் சும்மா இருந்தான். தான் திருந்திவிட்டதாக அவனுக்கு உறுதியாகிவிட்டது. குள்ளஞ்சாவடிக்கு ஒவ்வொரு வார ஓய்விலும் போனான். சகாயம்மாள் மீன் குழம்பு ஊற்றினாள், ரெஜினா முகம் கொடுக்கவில்லை.

குறித்த புதன்கிழமை ரெஜினா பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் சின்னப் பர்ஸ் மட்டும்.

"துணிப்பை எங்க?"

"மொதல்ல போவலாம்" என்று பின்னால் ஏறிக்கொண்டாள்.

தங்கராசு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றான். ஹெட்லைட் புதிதாக இருந்தது. நெடுமாறன் வந்தான், அக்கம்பக்கத்தார் சாப்பாட்டுப் பையோடு அப்படியே நின்றார்கள். பிராங்க்ளின் கையைக் கூப்பினான். மூன்று வாரமாக மனப்பாடம் செய்தது மறந்துபோயிற்று.

"தங்கராசு, நீங்க எந்தத் தப்பும் செய்யல. நாந்தான் விசாரிக்காம அடிச்சிட்டேன். உங்க வூட்டுக்காரம்மா முன்னால, தெரு முன்னால அடிச்சேன். மன்னிச்சிடுங்க."

தங்கராசு எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தான். "டீ குடிச்சிட்டுத்தான் போவணும்" என்றான். தனம் டம்ளர்களோடு வந்தாள், முதல் டம்ளரை ரெஜினாவிடம் கொடுத்தாள். பிராங்க்ளினுக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. இத்தனை லேசாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் மூன்று வாரம் பயந்துகொண்டு திரிந்திருக்க வேண்டாம்.

அப்போதுதான் மூன்றாவது வீட்டுப் பழனிசாமி ஷிஃப்ட் முடிந்து வந்து தன் ஸ்கூட்டரை நிறுத்தினார். கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர், ரிட்டயர்மெண்டுக்கு நாலு வருடம் இருந்தது. நேராக வந்து பிராங்க்ளின் தோளில் கையை வைத்தார்.

"நல்ல காரியம் பண்ணுனீங்க, தம்பி. ரோட்டுல நாலு பேரு நாலு மாதிரி வருவாங்க, நாமதான் பார்த்துப் போகோணும். நானும் இருவது வருசமா வண்டி ஓட்டறனுங்க, ஒருத்தரை உரசுனதில்லை."

பிராங்க்ளின் மாணவன் மாதிரித் தலையாட்டினான். ரெஜினா அவருடைய ஸ்கூட்டரின் பின்பக்கத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, டீயை ஊதிக் குடித்தாள்.

திரும்பி வரும்போது பிராங்க்ளின் மெதுவாக ஓட்டினான். ரவுண்டானா நெருங்கியது. நேராகப் போனால் அவர்கள் பிளாக், இடது பக்கம் பஸ் ஸ்டாண்டு.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

"வூட்டுக்கே போங்க. துணிப்பைய நாளைக்கி எடுத்தாந்துக்கலாம்."

அவனுக்கு உலகமே நல்லதாகப் பட்டது. எதிரில் வந்த சைக்கிள்காரனுக்குக்கூட வழி விட்டான்.

"நீங்க அந்த ஆள அடிச்சதுக்காவ மட்டும் நா போவல" என்றாள் ரெஜினா. "ரத்தம் ஒழுக ஒழுக என்ன ரோட்டுல உட்டுட்டுப் போனீங்களே, அதான் எனக்கு ஆறல. எந்தப் பக்கம் போனான்னு ஊரெல்லாம் கேட்டீங்க. அடி பட்டுச்சான்னு என்னக் கேக்கல."

"தப்புதான் ரெஜினா. சத்தியமா இனிமே இல்ல."

"கோவப்பட மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன்."

"கோவமா? எனக்கா?"

அவள் சிரித்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவளுடைய சிரிப்பு. "ஒங்க தோள்ல கைய வச்சிக்கினு புத்தி சொன்னாரே, அன்னிக்கி நம்மள தள்ளிட்டுப் போனது அவருதான். வண்டி பின்னால 'அபி'ன்னு எழுதி ஒரு ரோஜாப்பூ போட்டிருக்கு. கீழ விழுந்தப்ப பாத்தேன். அத சொல்லத்தான் அன்னிக்கி 'இருங்க'ன்னேன். இன்னிக்கித்தான் மறுபடி பாக்கறேன். பாவம், அவருக்குத் தெரியவே தெரியல."

ஸ்கூட்டர் நின்றது. பிராங்க்ளின் காலை ஊன்றினான். இருபது வருடமாக ஒருத்தரையும் உரசாதவர். தோளில் அந்தக் கை இன்னும் இருப்பதுபோல் எரிந்தது. ரெஜினா ஏதோ சொன்னாள். வேண்டாம் என்றிருக்கலாம், திருப்பாதீங்க என்றிருக்கலாம். சாம்பல் ஏற்றிய லாரி ஒன்று இரைந்துகொண்டு போயிற்று. அது தாண்டும்வரை நின்று, பிறகு வண்டியை ஒரே வளைவில் திருப்பி முறுக்கினான்.

அந்தத் தெருவை இப்போது கண்ணைக் கட்டிவிட்டாலும் கண்டுபிடித்துவிடுவான். கூட்டம் கலைந்து கேட்டுகள் மூடியிருந்தன. மூன்றாவது வீட்டின் முன்னால் சாம்பல் நிற ஸ்கூட்டர். பின்னால் அபி, பக்கத்தில் ரோஜாப்பூ. பிராங்க்ளின் இறங்கி, பழக்க தோஷத்தில் இன்ஜின் மூடியின் மேல் கையை வைத்தான். ஆறத் தொடங்கியிருந்தது. ஆனால் இந்தத் தடவை அவன் அவசரப்படுவதாக இல்லை. சாட்சியை விசாரித்துவிட்டுத்தான் எதுவும். அந்த மட்டுக்கும் தான் திருந்தியிருப்பதாக அவனே மெச்சிக்கொண்டான்.

"இதானே ரெஜினா? நல்லா பாத்துச் சொல்லு."

பதில் இல்லை. திரும்பிப் பார்த்தான். அவன் ஸ்கூட்டரின் பின் சீட்டில் யாரும் இல்லை. தெருமுனை வரைக்கும் யாரும் இல்லை. லாரிக்காக நின்றபோதே இறங்கியிருக்க வேண்டும்.

கதவைத் திறந்துகொண்டு பழனிசாமி சாப்பிட்ட கையோடு வாசலுக்கு வந்தார்.

"என்னங்க தம்பி, திரும்ப வந்துட்டீங்க? எதையாச்சும் விட்டுப்போட்டுப் போயிட்டீங்களா?"

பிராங்க்ளின் இன்ஜினிலிருந்து கையை எடுத்தான். குள்ளஞ்சாவடி பஸ் இரண்டே முக்காலுக்கு. மணி அப்போது இரண்டு ஐம்பது.