சுற்றவாளி சின்னமுத்துவின் வழக்கு

1974 மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பிலிமத்தலாவை சின்னமுத்துவின் வாடகைக் கார் கண்டி வாவியைச் சுற்றத் தொடங்கியது, அதன்பின் நிற்கவில்லை. பெற்றோல் முள்ளும் இறங்கவில்லை. அந்த வருடம் பெற்றோல் விலை ஏறியிருந்ததால் மற்றச் சாரதிகளுக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

காரணம் ஒரு சொல். வீதி நடுவிலுள்ள வெள்ளைக் கோட்டைக் காரால் வெட்டி மறுபக்கம் போனதாகப் பொலிஸ் அவர்மேல் வழக்குப் போட்டிருந்தது. அவர் வெட்டவில்லை. அந்தச் செவ்வாய்க் காலை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் ஸெய்னுலாப்தீன் வழக்கம்போல, "குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று கேட்டார். குற்றமில்லாதவருக்குக் கோர்ட்டுத் தமிழில் சுற்றவாளி என்று பெயர். தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த சின்னமுத்துவுக்கு அது எப்படித் தெரியும்? தொழிலைத்தான் விசாரிக்கிறார்கள் என்று நினைத்து, "சுற்றவாளிதாங்க. பத்து வருஷமா இந்த வாவியத்தான் சுத்துறேன்" என்றார். ஸெய்னுலாப்தீன் ஓர் எழுத்து விடாமல் மொழிபெயர்த்தார், அப்படியே பதிவாயிற்று. கோர்ட்டே எழுதிவிட்ட பிறகு ஒரு பழைய கார் என்ன செய்யும்?

சாட்சியான பொலிஸ்காரர் மாற்றலாகிப் போனதால் வழக்கு தவணைக்குமேல் தவணையாகத் தள்ளிப்போனது. மல்வத்தை விகாரை வளைவில் மட்டும் கார் ஆள் நடக்கும் வேகத்துக்குக் குறையும். அங்கேதான் மனைவி அன்னலட்சுமி சோற்றுப் பார்சலை நீட்டுவாள். பிறந்த மகளைச் சின்னமுத்து முதன்முதலாகப் பார்த்ததும் அங்கேதான், ஜன்னல் வழியே. ஒவ்வொரு தவணைக்கும் ஸெய்னுலாப்தீன் கோப்போடு பக்கத்தில் நடந்து அதே கேள்வியைக் கேட்பார். குற்றவாளி என்று ஒரு வார்த்தை சொன்னால் பதினைந்து ரூபாய் தண்டத்தோடு கோப்பை மூடலாம், காரும் நிற்கும் என்று நீதவான் சொல்லியனுப்பியிருந்தார். செய்யாததை எப்படி ஒப்புக்கொள்வது என்று சின்னமுத்து மறுத்துவிடுவார். அன்னலட்சுமி இரண்டு வருடம் கெஞ்சிப் பார்த்தாள். மனிதர் மசியவில்லை.

மகள் ஒருநாள் காரைக் காட்டி "அப்பா" என்றாள். உள்ளே இருந்தவரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. சின்னமுத்து உடைந்துபோனார். அடுத்த தவணையில் சொல்லிவிடுகிறேன் என்று அவரே சொன்னார்.

அந்த நாளும் வந்தது. ஸெய்னுலாப்தீன் கேட்டார். வாயைத் திறந்த சின்னமுத்துவின் முகத்தை அன்னலட்சுமியால் பார்க்க முடியவில்லை.

"நீங்க கோட்ட வெட்டுனீங்களா?"

"இல்ல லட்சுமி."

"அப்ப சொல்லாதீங்க. நாங்க ஏறிக்கிறோம்."

பின்கதவைத் திறந்து மகளை உள்ளே தள்ளி, தானும் ஏறிக்கொண்டாள். ஸெய்னுலாப்தீன் சுற்றவாளி என்று எழுதி, அடுத்த தவணையைச் சொல்லிவிட்டுப் போனார். துணிமணி வைத்த தகரப் பெட்டி மறுநாள் வீட்டிலிருந்து வந்தது.

அந்த மாதமே கிராம சேவகர் வளைவில் கூடவே நடந்து, மூன்று பேருக்கும் அரிசிக் கூப்பன் புத்தகம் எழுதிக் கொடுத்தார். விலாசம் வாவி வீதி. வீட்டிலக்கத்துக்குக் காரின் நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டார்.