கறையும் அழுக்கும்

1931ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை. விடியல் முதல் தூறல், வெயில் தலைகாட்டவில்லை. அன்றுதான், ஆம்பூரில் தோல் பதனிடும் ஷெட்டு ஒன்றின் வாயிலில் கூழ் விற்றுவந்த சவுரியம்மாளின் கடையைச் சுகாதார இன்ஸ்பெக்டர் கோதண்டராமன் மூடுவித்தார்.

முந்தைய நாள் அங்கே கூழ் குடித்த தொழிலாளர் அறுவருக்கு வயிற்றுப்போக்கு. பழி அவளுடைய கைகளின்மேல் விழுந்தது. கடை வைக்குமுன் பன்னிரண்டு ஆண்டுகள் அதே ஷெட்டில் ஆவாரம்பட்டை நீரில் தோல் ஊறவைத்த கைகள் அவை. நகக்கண் வரை பழுப்பேறியிருந்தன. அந்தக் கறையை அருவருத்தே, அகப்பையால் வார்த்த கூழை வாங்கிக்கொண்ட ஆட்கள், தண்ணீரை மட்டும் தாங்களே பானையில் மொண்டு குடித்துவந்தனர்.

“இந்தக் கையாலா வெங்காயம் உரிக்கிறாய்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“கறை வேற, அழுக்கு வேற சாமி. சோப்பு போட்டு கழுவிட்டுத்தான் எதையும் தொடறேன்.”

அவர் நியாயஸ்தர். கிருமி வளர்த்துப் பார்ப்பதற்கென்று கண்ணாடித் தட்டில் உறையவைத்திருந்த பாகின்மேல் அவளுடைய பத்து விரல்களையும் பதியவைத்தார். கூழிலும் பானைத் தண்ணீரிலும் சிறிது எடுத்து, யாவற்றையும் வேலூர் ஆஸ்பத்திரிக்கு ரயிலேற்றினார். விரல் பதிந்த இடத்தில் நோய்க்கிருமி முளைத்தால் கடை இனி இல்லை என்று சொல்லிப் போனார்.

கைம்பெண்ணாகிய அவளுக்கு வேறு பிழைப்பு ஏது? மூன்று நாளும் தோல் வெடிக்குமளவும் கைகளைக் கழுவினாள். சுத்தம்தான் என்று வாய் சொல்லிற்று. கண்ணுக்குத் தெரியாததற்கு யார் சாட்சி என்று மனம் கேட்டது.

வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு மணி அடித்தபின், கோதண்டராமன் கையில் காகிதத்துடன் வந்து எல்லார் முன்னிலையிலும் படித்தார். அவளுடைய விரல் பதிந்த தட்டில் நோய்க்கிருமி இல்லை, கூழிலும் இல்லை. தண்ணீர்ப் பானையிலோ மண்டிக் கிடந்தது. குழியில் தோல் புரட்டிய கையைக் கழுவாமல், குவளையோடு விரலையும் முக்கி மொண்டவர்கள் ஆட்களே. இனிக் கொதித்தாறிய நீரையே வைக்கவேண்டும். நீண்ட காம்புள்ள அகப்பையால் சவுரியம்மாளே வார்க்கவேண்டும் என்று உத்தரவிட்டார்.

அவள் அடுப்புக் கல்லின்மேல் அமர்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். நெஞ்சில் ஏறியிருந்த பாரம் இறங்கிற்று.

அடுப்பு மூண்டது, நீர் கொதித்து ஆறியது. மேஸ்திரி ஆபித் பாஷா முதலாவதாகக் குவளையை நீட்டினார்.

“இத்தினி நாளா உன் கையைப் பார்த்து மூஞ்சி சுளிச்சோம்மா. பேஜாரு எங்க கையில இருந்திருக்குது. ஊத்து.”

“மொதல்ல கைய கழுவிட்டு வா மேஸ்திரி.”

ஆட்கள் சிரித்தனர், மேஸ்திரியும் சிரித்துக்கொண்டே சோப்பைத் தேடினார். அவர் திரும்பிவந்து நீட்டிய குவளையில் அவள் தண்ணீர் வார்த்தபோது, மணி சரியாக ஒன்று ஐம்பது; வேலைக்கு அழைக்கும் மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது.