முதலில் தம்பியைக் கேள்

ஒரு வருஷமாக ஜெயக்கொடிக்குத் தம்பியிடமிருந்து ஒரே பதில்தான். "அக்கா, உன் பங்க நான்தான் வாங்குவேன். வெளியாளுக்குக் குட்த்துடாத." சரி, வாங்குகிறானா? மாட்டான். விடுகிறானா? அதுவும் மாட்டான்.

சேலையூரில் அப்பா விட்டுப்போன ஆறு சென்ட் மனை, அதில் ஒரு தரைத்தள வீடு. பாதி அவளுக்கு, பாதி தம்பி பொன்னுரங்கத்துக்கு. பாகம் இன்னும் பிரிக்கவில்லை. வீட்டில் இருப்பது தம்பி குடும்பம். அவள் இருப்பது குரோம்பேட்டையில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில், வாடகைக்கு. புருஷன் குமரேசனுக்கு வாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டதிலிருந்து, பதினான்கு மாதமாக அவர் படி இறங்கவில்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்ப்பதோடு சரி. பங்கை விற்றுத் தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு வாங்க வேண்டும், அந்த மனுஷன் மண்ணில் கால் வைக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

தப்பு அவள் பேரிலும் உண்டு. விற்கிற பேச்சை எடுத்த அன்றே பொன்னுரங்கம் வெற்றிலை பாக்குத் தட்டில் நூற்றியொரு ரூபாய் வைத்து நீட்டினான். கூடப்பிறந்தவன்தானே என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தட்டு வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. அப்புறம் அவனுக்கென்ன அவசரம்? ஆடியில் வேண்டாம் என்றான், மார்கழியில் வேண்டாம் என்றான், தை பிறந்ததும் மச்சினிச்சி கல்யாணம் என்றான்.

பக்கத்து மனைக்காரர் ஏசுபாதம் வாங்கத் தயார். ஆனால் அவரும் பயந்தார். "உங்க தம்பி வேணாம்னு எழுதிக் குடுக்காம நான் வாங்கினா, நாளைக்கு என்னைக் கோர்ட்டுக்கு இழுப்பார்மா. ஜூன் வரைக்கும் பார்க்கறேன்."

வக்கீலும் அதையேதான் சொன்னார். "கூட இருக்கற வாரிசை முதல்ல கேக்கணும். அவர் வாங்கணும், இல்ல வேணாம்னு சொல்லணும்." நோட்டீஸ் போனது. பதிலும் வந்தது: என் முதல் உரிமையை விட்டுத்தர மாட்டேன், யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

யோசிக்கிறானாம்! ஜெயக்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த பஸ்ஸில் சேலையூரில் போய் நின்றாள்.

"டேய் ரங்கம், வாங்க வேணாம்டா. பாகத்தையாவது பிரி. என் பாதி எதுன்னு காட்டு."

"இன்னாக்கா பேஜார் பண்றே? அப்பா வூட்ட ரெண்டா வெட்றதா? அதெல்லாம் ஒண்ணாதான் கீது. முழுசும் என்னுது, முழுசும் உன்னுது."

"முழுசும் என்னுதுமா?"

"பின்ன?"

கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டெம்போ ஸ்டாண்டு ஆட்கள் நாலு பேர் குமரேசனை நாற்காலியோடு தூக்கி மூன்று மாடி இறக்கினார்கள். ஆட்டோ சேலையூர் வீட்டு வாசலில் நின்றபோது பொன்னுரங்கம் வாயில் பிரஷ்ஷோடு ஓடிவந்தான்.

"இன்னாக்கா இது? பெட்டி படுக்கையெல்லாம் எதுக்கு?"

"முழுசும் என்னுதுன்னு நீதானே சொன்னே? மாமா ஹால்ல படுத்துப்பாரு. நீ டிவி சத்தத்தக் கொறச்சி வெச்சிக்க."

"அய்ய, எவ்ளோ நாளைக்கு?"

"அத நீ சொல்லு."

பொன்னுரங்கம் வாயைக் கொப்பளித்துத் துப்பினான். "அந்த ஏசுபாதத்துக்கே குட்து தொலை! எங்க கையெழுத்துப் போடணும்? பேனா எட்த்தாறேன்!" என்று கத்திக்கொண்டே உள்ளே போனான். அப்பாடா, ஜெயித்தாயிற்று என்று அவள் மூச்சு விட்டாள்.

திரும்பிப் பார்த்தால், குமரேசன் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பிடித்தபடி மண்ணில் நின்றுகொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"கொடி, இது உன் வீடும்தானே? நாம ஏன் இங்க வரவே இல்ல?"

கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டுக்கு விருந்தாளியாக வரலாம், குடியிருக்க வரக்கூடாது. இதை அவளுக்கு எந்த வக்கீலும் சொல்லவில்லை, தம்பிகூடச் சொல்லவில்லை. அவளே நினைத்துக்கொண்டு, சொந்த வீட்டுக்கு விலை கேட்டு அலைந்தாள். பதினான்கு மாதம் இந்த மனுஷனை மாடியில் அடைத்து வைத்தது தம்பி மட்டுமா? அவள் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

பொன்னுரங்கம் பேனாவோடு வந்தான். "சொல்லு, எங்க போடணும்?"

"கையெழுத்து இருக்கட்டும்டா. ஏசுபாதம் சார்கிட்ட நான் சொல்லிக்கறேன். நீ முதல்ல அந்தப் பின்ரூம காலி பண்ணு."