பறக்கும் காட்சியில் ஒரு குரல்

...படத்தில் வரும் அந்த ராட்சசனின் உறுமல் ஸ்டுடியோ கழிவறைக் குழாயில் காற்றடைத்த சத்தம்தான் என்று அவர் சொன்னதும் பேட்டி எடுக்க வந்த பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரிக்கட்டும், படம் வந்து பத்து வருஷமாகியும் அந்த சூப்பர் ஹீரோவை ரசிகர்கள் விடமாட்டேன் என்கிறார்கள், காட்சியில் தெரியும் காலண்டரில் என்ன தேதி, கடிகாரத்தில் என்ன மணி, எல்லாவற்றுக்கும் ஒரு ரகசிய அர்த்தம்... கடிகாரத்துக்கு பேட்டரி போட நம்ம ஆட்கள் மறந்துபோனது இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது, போகட்டும், ஒலிப்பதிவாளரையும் ஒரு ஆளாக மதித்துத் தேடி வந்திருக்கிறாள், ஆனால் அடுத்த கேள்வி அதுதான், அதற்குத்தானே இவ்வளவு தூரம் வந்தாள்.

கேட்டேவிட்டாள். "ஹீரோ முதல் தடவை பறக்கும்போது, காத்துக்கு நடுவுல 'இன்னும் சாப்பிடலையா'ன்னு ஒரு குரல் கேக்குதே சார், அது யாரோடது?" ஹீரோவின் செத்துப்போன அம்மா வானத்திலிருந்து கூப்பிடுகிறாளாம், ரசிகர்கள் கண்டுபிடித்தது, டைரக்டரும் ஆமாம், நான்தான் வைத்தேன் என்று கூசாமல் சொல்லிவிட்டார்... பிடித்தது குரங்கு, ஊரே பிள்ளையார் என்று கும்பிடுகிறது. வானமாவது மண்ணாவது, அந்தக் காற்றுச் சத்தமே ஒரு பழைய போர்வை, இந்த அறையில்தான் மைக் முன்னால் நின்று உதறி உதறிப் பதிவு செய்துகொண்டிருந்தார், மணி மூன்றைத் தாண்டிவிட்டதே என்று மனைவி சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவள் கதவைத் திறந்து கேட்டுவிட்டாள், அவ்வளவுதான் சங்கதி. அவள் போய்ச் சேர்ந்தே இரண்டு வருஷம், இப்போது எதற்கு இதெல்லாம், யாரோ ஒரு அம்மா என்றே இருந்துவிட்டுப் போகட்டுமே... "என் வீட்டுக்காரி" என்று வாய் முந்திக்கொண்டது.

பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "யாருக்கும் தெரியாம அவங்களப் படத்துக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கீங்களே சார்." ஒளித்தாராம்! அன்று சாயங்காலமே பதிவைக் கொடுத்தாக வேண்டும், போர்வைச் சத்தம் நன்றாக விழுந்தது அந்த ஒரு தடவைதான், குரலை முடிந்தவரை அமுக்கித் தள்ளிவிட்டார், சோம்பேறித்தனத்துக்குக் காதல் என்று பேர் வைக்கிறாள் இந்தப் பெண், இல்லம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன, தலை அதுபாட்டுக்கு ஆடுகிறது, சீ, என்ன மனுஷன். அசல் பதிவைக் கேட்க வேண்டும் என்றாள், போட்டார், நிறுத்தும் பொத்தானை விட்டு விரலை எடுக்கவில்லை, படபடவென்று போர்வை, அவள் குரல், டக்கென்று நிறுத்தினார். அப்புறம் ஒன்றுமில்லையா என்று கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா."

அவள் கேமராவை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டிருக்கும்போது ஹெட்போனை மாட்டிக்கொண்டு மிச்சத்தைப் போட்டார், தெரிந்ததுதானே, பத்து வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்தது... "அறிவிருக்கா உனக்கு, வெளிய போ." அவர் குரல்தான், எவ்வளவு பெரிய சத்தம், ஒலி அளவு காட்டும் முள் சிவப்பைத் தொட்டு நிற்கிறது. அதற்கப்புறம் கதவுச் சத்தம் வர வேண்டும், அந்தக் கதவு கல்லு மாதிரி கனம், யார் சாத்தினாலும் டமால் என்றுதான் விழும், காத்திருந்தார், வரவில்லை, ஒலியைக் கூட்டினார், இல்லை, அவர் திரும்பவும் போர்வையை உதற ஆரம்பித்த சத்தம்தான் வந்தது... பதிவு கெட்டுவிடக் கூடாது என்று கையால் தாங்கித் தாங்கிச் சாத்தியிருக்கிறாள், திட்டு வாங்கிய கையோடு, அதை அவ்வளவு மெதுவாகச் சாத்த எவ்வளவு நேரம் பிடித்திருக்கும், அவ்வளவு நேரமும் அவர் முதுகைத்தானே பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள்...