மஞ்சள் குவளை

பேருந்து நிறுத்தத்தில் மொசைக் பெஞ்சு திறந்த அன்று தெருவே அங்கே கூடிவிட்டது. தெருக்காரர்கள் கொடுத்த உடைந்த பீங்கானை வைத்துத்தான் சில்லுக்காரி அதைப் பதித்திருந்தாள். அவளுக்கு அந்தப் பெயரை வைத்ததும் அவர்கள்தான். "இது எங்க வீட்டுத் தட்டு", "அந்தப் பூ எங்க டீ கப்பு" என்று ஆளாளுக்குத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

சில்லுக்காரியின் அண்ணி மட்டும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஒரு குவளையின் சில்லைத் தேடினாள். செத்துப்போன அண்ணன் டீ குடித்த மஞ்சள் குவளை அது. யாரையும் தொடவிடாதவள், ஒரு கீறல்கூட இல்லாத குவளையைத் தானே துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "உடைச்சுக்கோம்மா. நாலு பேர் நடுவுல இருக்கட்டும், அவருக்கு அதான் பிடிக்கும்" என்று கொடுத்திருந்தாள்.

பெஞ்சில் அது இல்லை. நீலமும் வெள்ளையுமாகப் போட்ட அலைக்கு நடுவே அந்த மஞ்சள் சில்லுக்காரியின் கண்ணை உறுத்தியது. சரியாக வேகாத மண், மழைத் தண்ணீரைக் குடித்து வெடித்துவிடும் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். வேண்டாத பெண்டாட்டி கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம் என்பார்களே, அந்தக் கதைதான். உடைந்த விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் தெரிந்துவிடும். உறிஞ்சினால் ஆகாது, நின்றால் ஆகும். ஊரார் சில்லுக்கெல்லாம் விட்ட சொட்டை அண்ணன் குவளைக்கு அவள் விடவில்லை. நின்றுவிடுமோ என்று பயம்.

"எங்கேம்மா வச்சிருக்க? கண்ணுக்கே தட்டுப்படல."

"அந்தப் பக்கம் பாருங்க அண்ணி."

அண்ணி மூட்டுவலியோடு குனிந்து பெஞ்சின் கால்வரைக்கும் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரியும் கூடச் சேர்ந்து தேடினாள். சில்லுக்காரி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு நின்றாள்.

அண்ணி அலுத்துப்போய் பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். "விடும்மா, வயசான கண்ணு. நீ வைக்காமலா இருப்ப?"

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"வைக்கல அண்ணி. நிறம் ஒட்டலன்னு ஜல்லியோட சேர்த்து உள்ள கொட்டிட்டேன். நீங்க உக்காந்திருக்கற இடத்துக்கு அடியிலதான் இருக்கு."

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அண்ணி சட்டென்று எழுந்தாள். உட்கார்ந்திருந்த இடத்தை உள்ளங்கையால் துடைத்தாள்.

"அய்யோ, அவரு மேலயா உக்காந்திருந்தேன்?"

பஸ் வர நேரமிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி எவ்வளவோ சொல்லியும் அண்ணி உட்காரவில்லை, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சில்லுக்காரியும் தலை நிமிராமல் பக்கத்தில் நின்றாள். இந்த பெஞ்சு நூறு வருஷம் அசையாது என்று காலையில்தான் எல்லோரிடமும் பெருமையடித்திருந்தாள்.