இரண்டு நிமிடம் ஐந்து வினாடி

படம் வேண்டாம், ஒலி மட்டும் போதும் என்ற கட்டளையைக் கறுப்புத் திரையில் சங்கவி இரண்டு முறை தப்பாக அடித்து அழித்தாள். கப்பல் அலுவலகத்தில் சர்வர் கம்ப்யூட்டர்களைப் பார்க்கிறவள். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலைதான்.

கூடத்தில் அப்பா நாகரத்தினம் ஃப்ரீசர் பெட்டிக்குள் கிடந்தார். விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். அண்ணன் பிரேம் சென்னை ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்டான். இங்கே தீவில் மழை, ஃப்ளைட் கேன்சல். ஒரு மணிக்கு எடுத்துவிடுவார்கள். கொள்ளி வைக்கவும் வர முடியாதவன் கேட்டது நேற்று அப்பா எடுத்த வீடியோவை மட்டும்தான்.

"நானூறு எம்பிண்ணா. இந்த மழைல நெட் இழுக்காது."

"வாய்ஸ் மட்டும் பிரிச்சு அனுப்பு. குரல் கேட்டா போதும்."

ஒழுகும் கூரையைப் பிரேமுக்குக் காட்ட எடுத்த வீடியோ அது. இரண்டு நிமிடம் தகரத்தைப் பற்றிய புலம்பல். அதன் பிறகு வருவது சங்கவிக்குத் தெரியும். "நேத்து உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாரா?" என்று காலையில் அம்மா பவானி கேட்டபோது, "இல்லம்மா" என்றுவிட்டாள்.

முழு ஒலியையும் பிரித்தாள். அதில் முதல் இரண்டு நிமிடம் ஐந்து வினாடியை மட்டும் வெட்டித் தனிக் கோப்பாக்கினாள். வெட்டு சரியாக விழுந்ததா என்று பார்க்கவேண்டும். லேப்டாப்பில் காலையிலிருந்து ஓடிய தேவாரத்தை நிறுத்தி, ஹெட்போன் மாட்டி, இரண்டாம் நிமிடத்திலிருந்து ஓடவிட்டாள். அவசரத்தில் அடித்தது முழுக் கோப்பின் பெயர்.

காதில் ஒன்றும் கேட்கவில்லை. கூடத்தில் கேட்டது. லேப்டாப் இன்னும் அப்பாவின் தலைமாட்டு ஸ்பீக்கரோடுதான் ப்ளூடூத்தில் இணைந்திருந்தது.

"சங்கவி, நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதும்மா."

"வாயுப்பா. ஓமத்தண்ணி குடிச்சிட்டுப் படுங்க."

பாய்ந்து நிறுத்தினாள். கூடத்தில் பக்கத்து வீட்டு ஸ்வப்னா, "அரே, தாதா கா ஆவாஸ்!" என்று அப்பாவின் குரலை அடையாளம் கண்டு இந்தியில் பதறினாள்.

காலடி கேட்டது. அம்மாதான். சங்கவி ஹெட்போனைக் கழற்றினாள். இனி இந்த வீட்டில் எப்படி இருப்பது, யார் முகத்தில் விழிப்பது?

அம்மா கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் வேணும்னு..."

"எங்கிட்டயும் சொன்னாரு" என்றாள் அம்மா. குரல் வெளியே போய்விடாதபடி. "படுக்கும்போது. நானும் வாயுன்னுதான் சொன்னேன்."

சங்கவி அவள் முகத்தைப் பார்த்தாள். காலையில் ஏன் அப்படிக் கேட்டாள் என்பது புரிந்தது.

"பிரேமுக்கு அந்த இடம் போகவேணாம்" என்றாள் அம்மா. "ஜல்தி அனுப்பு. தூக்குறதுக்கு ஆளுங்க வந்துட்டாங்க."

சங்கவி சின்னக் கோப்பை அனுப்பினாள். நான்கு சதவீதத்தில் நின்றது. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். இருவரும் எழுந்திருக்காமல் அந்த நான்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.